குளத்திலிருந்து ஆற்றுக்கு: கும்பகோணத்தை நடந்து பார்ப்பது பற்றிய மதிப்புரை

கும்பகோணத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கும்பகோணத்தைப் பார்ப்பதே இல்லை என்று சொன்னால் அது மிகையாகாது. இரவு ஏதாவது ஒரு விடுதியில் தங்கி, விடியற்காலையில் வாடகைக் காரில் ஏறி, சூரியனார்கோயில், கஞ்சனூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், திருநள்ளாறு என்று நவக்கிரகத் தலங்களை ஒரே மூச்சில் சுற்றிவிட்டு, திரும்பும்போது ஒரு டிகிரி காபியும் அருந்திவிட்டு ரயிலேறிவிடுகிறார்கள். வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் இடையில் அடங்கியிருக்கும் பழைய நகரமோ நான்கைந்து கிலோமீட்டர் நடந்தால் முழுவதும் பிடிபட்டுவிடக்கூடிய அளவுடையது. அந்த நடையை உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் பாதியும் தனியாகப் பாதியும் மேற்கொண்ட அனுபவத்தை வைத்து, அதில் எது சிறப்பு, எது குறை, யாருக்கு இது ஏற்றது என்பதை இங்கே எழுதுகிறேன்.

வழிகாட்டிகள் பொதுவாக முன்வைக்கும் திட்டம் கோயில்களின் பட்டியலாகவே இருக்கிறது. நேரத்துக்கு ஏற்ப அதில் இரண்டைக் கூட்டுவார்கள் அல்லது குறைப்பார்கள். அதைவிட நல்ல வரிசை ஒன்றை இந்த ஊரே வைத்திருக்கிறது. மகாமகத்தன்று நீராட வருகிறவர்கள் முதலில் மகாமகக் குளத்திலும், அடுத்துப் பொற்றாமரைக் குளத்திலும், இறுதியாகக் காவிரியிலும் நீராட வேண்டும் என்பது மரபு. இந்த வரிசையைப் பின்பற்றி நடந்தால் ரயில் நிலையத்துப் பக்கம் தொடங்கி நகரின் குறுக்காகச் சென்று ஆற்றங்கரையில் முடிவதோடு, முக்கியமான கோயில்களில் பெரும்பாலானவை வழியிலேயே அமைந்துவிடுகின்றன. ஒரே தெருவில் இருமுறை நடக்க வேண்டிய தேவையும் அதிகம் இராது.

மகாமகக் குளத்துக்குக் காலை ஆறு மணியளவில் சென்றுவிடுவது நல்லது. 6 ஏக்கருக்குச் சற்று மிகுந்த பரப்புள்ள இந்தக் குளத்தின் கரைகளில் நிற்கும் 16 மண்டபங்கள், தஞ்சை நாயக்க மன்னர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் எழுப்பியவை. இவற்றுள் ஒன்றின் கூரையின் உட்புறத்தில், தராசில் அமர்ந்து எடைக்கு எடை பொன் வழங்கும் துலாபுருட தானக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தாலன்றி அது கண்ணில் படாது. எங்கள் வழிகாட்டி தம்முடைய கைவிளக்கை அதன்மீது அடித்துக் காட்டியது அவருடைய கட்டணத்தில் ஒரு பகுதிக்காவது ஈடாயிற்று. குளத்துக்குள் நதிகளின் பெயர்களையும் தேவதைகளின் பெயர்களையும் தாங்கிய 20 தீர்த்தக் கிணறுகள் இருக்கின்றன. கடைசியாக 2016ஆம் ஆண்டில் நடந்த மகாமகம், பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி இனி 2028இல் வரும். கூட்டத்தின் நடுவே நீராட விரும்புகிறவர்கள் அப்போது வரட்டும். ஊரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த ஆண்டைத் தவிர்த்து வேறெந்த ஆண்டிலும் வரலாம். 1992ஆம் ஆண்டு மகாமகத்தில் இதே குளக்கரையில் ஏற்பட்ட நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்ததை வழிகாட்டிகள் எவரும் தாமாகச் சொல்வதில்லை. அமுதக் குடம் உடைந்த புராணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறார்கள்.

குளத்தின் வடகரையிலுள்ள காசி விசுவநாதர் கோயிலே தேவாரத்தில் குடந்தைக் காரோணம் என்று பாடப்பட்ட தலம். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் வருவது நாகேசுவரன் கோயில். இந்த நடையில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். தேவாரம் குடந்தைக் கீழ்க்கோட்டம் என்று போற்றும் இக்கோயிலின் கருவறை முற்காலச் சோழர் காலத்துக் கற்றளி; முதலாம் ஆதித்தன், முதலாம் பராந்தகன் காலத்தை ஒட்டியது. வெளிச்சுவரின் மாடங்களில் அர்த்தநாரியும் பிரமனும் தட்சிணாமூர்த்தியும் இருப்பது வழக்கமான அமைப்புத்தான். அவர்களுக்கு இடையிலுள்ள மாடங்களில் நிற்கும் ஆண்களும் பெண்களும்தான் பார்ப்பவரை நிறுத்தி வைக்கிறார்கள். கல்லில் இடுப்பை லேசாக ஒசித்து, ஒரு கையைத் தளர விட்டு நிற்கும் அந்தப் பெண் உருவத்தின் முகத்தில் தெய்வத்துக்குரிய பொதுமை காணப்படுவதில்லை. குறிப்பிட்ட ஒருத்தியைப் பார்த்துச் செதுக்கியது போன்ற தனித்தன்மை இருக்கிறது. இவை அரச குடும்பத்தினரின் உருவங்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுவதில் வியப்பில்லை.

சுவரின் அடிப்பகுதியில் ஒரு சாண் அளவுக்கும் குறைவான சிறு கட்டங்களில் இராமாயணக் காட்சிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து, வேண்டுமானால் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் அவற்றின் ஆழம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். எங்கள் வழிகாட்டி இவற்றை ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டு, சித்திரை 11, 12, 13 ஆகிய நாள்களில் கதிரொளி இலிங்கத்தின்மீது விழும் சிறப்பை நெடுநேரம் விளக்கினார். அந்தச் சிறப்பு உண்மைதான். ஆனால் ஆண்டில் மூன்று நாள் மட்டும் நிகழ்வதை விவரித்துக்கொண்டு, ஆண்டு முழுவதும் கண்முன்னே இருப்பதை விட்டுவிடுவது நியாயமாகத் தோன்றவில்லை. இங்கே மட்டும் குறைந்தது முக்கால் மணி நேரம் வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

அடுத்தது சாரங்கபாணி கோயில். 11 நிலைக் கோபுரத்தைத் தெருவில் நின்று பார்ப்பதோடு பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். அதன் கீழ்ப்பகுதியிலுள்ள நடனக் கரணச் சிற்பங்களையும் சற்று நின்று பார்க்க வேண்டும். யானைகளும் குதிரைகளும் இழுக்கும் கல் தேராக அமைந்த கருவறைக்கு உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என இரண்டு வழிகள் உண்டு. தை முதல் ஆனி வரை ஒன்றும், ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்றும் திறந்திருக்கும். இக்கோயிலின் பெருமாளான ஆராவமுதன்மீது பாடப்பட்ட பாசுரங்களைக் கேட்டுத்தான் நாதமுனிகள் நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுக்கப் புறப்பட்டார் என்பது வைணவ மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே ஊரில் இன்னொரு தேடல் தொடங்கியதைப் பின்னர் சொல்கிறேன்.

கோயிலின் கிழக்கு வாசலிலிருந்து நீளும் சாரங்கபாணி சன்னதித் தெருவில்தான் கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்த அவர், துணிக்கடை ஒன்றில் கணக்கராக இருந்த தந்தையுடனும் தாய் கோமளத்தம்மாளுடனும் இந்த ஓட்டு வீட்டில்தான் வாழ்ந்தார். சாரங்கபாணி கோயில் தாயாரின் பெயரும் கோமளவல்லி என்பதைக் கவனித்தால், அந்தத் தெருவில் கோயிலும் வீடும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பது விளங்கும். சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இவ்வீட்டை வாங்கிப் பராமரிக்கிறது. 2003இல் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் இதை நினைவில்லமாக நாட்டுக்கு அர்ப்பணித்தார். திண்ணையைக் கடந்து உள்ளே சென்றால், தெருவைப் பார்த்த சன்னலோரம் ஒரு கட்டில் கிடக்கும் சிறு அறை, அதை அடுத்துக் கூடம், பின்கட்டில் கிணறு. அவ்வளவுதான். கண்ணாடிப் பெட்டிகளும் ஒலி ஒளி அமைப்புகளும் இல்லாத இந்த எளிமையை ஒரு குறையாகச் சொல்லும் பார்வையாளர்கள் உண்டு. வீட்டை வீடாகவே விட்டு வைத்ததுதான் இந்த நினைவில்லத்தின் தகுதி என்பது என் கருத்து. எனினும் அவருடைய கணிதம் எதைப் பற்றியது என்பதைப் பள்ளி மாணவருக்குப் புரியும்படி தமிழில் விளக்கும் ஒரு பலகையாவது வைத்திருக்கலாம். பத்து நிமிடங்களில் பார்த்து முடித்துவிடலாம் என்றாலும், வழிகாட்டி வாசலிலேயே நின்று அவசரப்படுத்தினால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சாரங்கபாணி கோயிலுக்கு மேற்கேயுள்ள பொற்றாமரைக் குளத்தில் படிகளும் நீரும் தவிரப் பார்க்க அதிகமில்லை. அருகிலுள்ள சோமேசுவரர் கோயிலையும் நேரம் இருந்தால் மட்டும் எட்டிப் பார்க்கலாம். வடக்கே நடந்தால் சக்கரபாணி கோயில். எட்டுக் கைகளுடன் அறுகோணச் சக்கரத்தின் நடுவே நிற்கும் சுதர்சனர், அதாவது திருமாலின் சக்கரத்தின் உருவம், இங்கு மூலவராகவே இருப்பது அரிது. கருவறை உயர்ந்த மேடைமேல் அமைந்திருப்பதால் படியேறித்தான் செல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அங்கிருந்து சக்கரப் படித்துறை வழியாகக் காவிரிக்கு இறங்கும்போதுதான் இந்த நடையின் மிகப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆற்றங்கரை நகரம் என்ற பெயருக்கு ஏற்ப ஆற்றை ஒட்டியே நீண்ட தூரம் நடக்கலாம் என்று எண்ணி வருகிறவர்களுக்கு அது கிட்டாது. படித்துறைகள் தனித்தனித் தீவுகளாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கரையோரமாகத் தொடர்ச்சியான பாதை இல்லாததால், ஒவ்வொரு முறையும் தெருவுக்கு ஏறி, சிறிது தூரம் சென்று, மீண்டும் இறங்க வேண்டியிருக்கிறது. மடத்துத் தெரு வழியாகப் பகவத் படித்துறைக்குச் செல்வது ஓரளவு நிழலும் அமைதியும் உள்ள வழி. படிகளில் சடங்கு முடித்துப் போட்ட பழந்துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் கிடக்கின்றன. நீர் குறைந்த காலத்தில் புதரும் ஆகாயத்தாமரையும் ஆற்றின் அடையாளத்தையே மறைத்துவிடுகின்றன. முகம் கழுவலாம் என்று இறங்கியவர் எங்கள் குழுவில் ஒருவர். மூன்றாம் படியிலேயே திரும்பிவிட்டார்.

ஆற்றில் நீர் இருப்பதும் இல்லாததும் இங்கே மழையைவிட மேட்டூரைப் பொறுத்தது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையிலிருந்து பாசனத்துக்காக ஜூன் 12இல் நீர் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். இருப்புக் குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும். திறந்த நீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரித்து விடப்பட்ட பிறகுதான் கும்பகோணத்தை எட்டும். ஆகவே பிப்ரவரி முதல் மே வரை வருகிறவர்கள் மணலைத்தான் பார்ப்பார்கள். ஆடிப் பதினெட்டுக்குப் பிந்தைய வாரங்களில் வந்தால், படிகளைத் தொட்டு ஓடும் செந்நிற நீரையும், இந்த ஊர் ஏன் இந்த இடத்தில் அமைந்தது என்பதற்கான விடையையும் ஒருசேரக் காணலாம். ஆடிப் பெருக்கன்றே வந்தால் காதோலை கருகமணியும் காப்பரிசியுமாகக் கூடும் பெண்கள் கூட்டத்தில் படித்துறையில் நிற்க இடம் கிடைக்காது.

ஆற்றங்கரையிலேயே இருக்கும் அரசினர் கலைக் கல்லூரி எந்த வழிகாட்டியின் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. 1854இல் தொடங்கிய இந்த நிறுவனத்தைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அக்காலத்தில் புகழ்ந்தார்கள். 1904இல் உதவித்தொகையுடன் இங்கே சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை இங்கே தமிழாசிரியராக இருந்தார். அவர் பணியில் சேர்ந்த அதே 1880இல், இவ்வூரில் முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கேள்விதான் அவரை ஏடு தேடும் வாழ்க்கைக்குத் திருப்பியது. ஏழாண்டுகளில் சீவக சிந்தாமணி அச்சேறியது. பதிற்றுப்பத்தும் புறநானூறும் நம் கைக்கு வந்த வழியின் தொடக்கம் இந்த ஊர்த் தெருக்களில் இருக்கிறது. நாதமுனிகளின் கதையைச் சொன்ன வழிகாட்டிக்கு இந்தக் கதை தெரிந்திருக்கவில்லை. கல்லூரி வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. வெளியிலிருந்து பார்த்தாலும் போதும், உடன் வருகிறவர் இதைச் சொல்லத் தெரிந்தவராக இருந்தால்.

இதே ஆற்றங்கரைப் பகுதியில், பாலக்கரையில், 2004 ஜூலை 16இல் பள்ளித் தீ விபத்தில் மாண்ட 94 குழந்தைகளுக்கான நினைவு மண்டபம் இருக்கிறது. சுற்றுலாவாகப் பார்க்கும் இடம் அன்று. கடந்து செல்லும்போது எது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

ஆற்றிலிருந்து தெற்கே திரும்பினால், சக்கரபாணி கோயிலையும் இராமசாமி கோயிலையும் இணைக்கும் கடைத்தெரு. இராமசாமி கோயிலை எழுப்பிய இரகுநாத நாயக்கர் காலத்தில், பழைய கோயிலையும் புதிய கோயிலையும் ஒரு வணிக வீதியால் இணைத்தார்கள். நானூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வீதி அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கலப் பானை, தவலை, சொம்பு எனப் பாத்திரக் கடைகள், இடையிடையே நகைக் கடைகள், துணிக் கடைகள். 2025இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையையும் இங்கே வாங்கலாம். இளம் பச்சை நிறத்தில், காரம் குறைந்து, நரம்பு தடிக்காமல் இருப்பதே கொழுந்து. நடைபாதை என்று ஒன்று இல்லை. இருசக்கர வாகனங்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பதில் கண் கடைகளில் பதிவதில்லை என்பதால், பத்து மணிக்கு முன்பே இந்தத் தெருவைக் கடந்துவிடுவது நல்லது.

மேற்கே கும்பேசுவரர் கோயில். தேவாரம் பாடும் குடமூக்கு இதுவே. கோபுரத்துக்கு முன்னுள்ள நீண்ட தூண் மண்டபத்தின் இருபுறமும் கடைகள். வளையலும் குங்குமமும் சொப்புச் சாமான்களும் விற்கும் அந்த மண்டபத்து நிழல், வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குப் பெரிய ஆறுதல். இக்கோயிலில் உள்ள கல் நாதசுரத்தையும் கேட்டுப் பார்க்கலாம். நடையைத் தெற்கே இராமசாமி கோயிலில் முடிப்பது பொருத்தம். ஒற்றைக் கல்லில் குடைந்த தூண்களாலான மண்டபமும், உட்பிராகாரச் சுவரில் சுற்றிச் சுற்றிப் படிக்கும்படி அமைந்த இராமாயண ஓவியங்களும் அங்கே உண்டு. கருவறையில் இராமனும் சீதையும் பட்டாபிடேகக் கோலத்தில் அமர்ந்திருக்க, அனுமன் ஒரு கையில் வீணையும் மற்றொரு கையில் ஏடும் வைத்திருக்கிறான். காலையில் நாகேசுவரன் கோயிலில் சாணளவுக் கல்லில் பார்த்த கதையை எழுநூறு ஆண்டு கழித்து வந்த நாயக்கர்கள் எவ்வளவு பெரிதாக விரித்தார்கள் என்பதை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க முடிவது இந்த நடையில் மட்டுமே.

வழிகாட்டியைப் பற்றி: விடுதி மூலம் அமர்த்தியவர், பண்பானவர், எந்தக் கோயில் எப்போது நடை சாத்தும், எந்த வாசலில் காலணி விட்டால் எளிது, எந்தச் சன்னதியில் கூட்டம் குறைவு என்பவற்றில் அவரை விஞ்ச முடியாது. காலக் கணக்கில்தான் தடுமாற்றம். சோழர் கட்டியதும் நாயக்கர் கட்டியதும் அவருக்கு ஒரே இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. கேள்வி கேட்டால் கோபிக்காமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டது அவருடைய சிறப்பு. மகாமகக் குளம் முதல் சாரங்கபாணி கோயில் வரை வழிகாட்டியை வைத்துக்கொண்டு, இராமானுஜன் வீட்டிலிருந்து தனியே தொடர்வதுதான் பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற ஏற்பாடு. கட்டணம் ஆளுக்கா, குழுவுக்கா, அர்ச்சனைச் செலவு அதில் சேர்த்தியா என்பதைத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சன்னதியிலும் தட்டு நீளும்போது சங்கடப்பட நேரிடும்.

கோயில்கள் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் நடை சாத்தி மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கின்றன. ஆகவே ஆறு மணிக்குத் தொடங்காதவர்கள் இராமசாமி கோயிலை மாலைக்குத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். எளிதில் கழற்றி மாட்டக்கூடிய செருப்பே போதும். பதினொரு மணிக்குமேல் பிராகாரக் கல் கொதிக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் விரிப்புப் போட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்கட்டும். பல கோயில்களில் கைபேசிக்குத் தடை உண்டு. சிற்பங்களைப் படமெடுத்துக்கொண்டு அறையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையுடன் வர வேண்டாம். வழியில் சுத்தமான பொதுக் கழிப்பறை கிடைப்பது அரிது என்பது பெண்களுக்கும் முதியவர்களுக்கும் உண்மையான இடையூறு. விடுதியை நகரின் நடுவில், சாரங்கபாணி கோயிலை ஒட்டி எடுத்துக்கொண்டால் இடையில் ஒருமுறை திரும்பிவரலாம். காபிக்கு எங்கும் பஞ்சமில்லை. புறவழிச் சாலைகளில் பித்தளை டபராவை அடுக்கி வைத்துக் கும்பகோணம் டிகிரி காபி என்று எழுதியிருக்கும் கடைகளைவிட, ஊருக்குள் பலகையே இல்லாத சிற்றுண்டிச் சாலைகளில் அது நன்றாக இருக்கிறது.

மேற்கே மூன்று நான்கு கிலோமீட்டரில் இருக்கும் தாராசுரத்தை இந்த நடையோடு சேர்க்க வேண்டாம். இரண்டாம் இராசராசன் எழுப்பி, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐராவதேசுவரர் கோயிலுக்குத் தனியாக ஓர் அரைநாள் வேண்டும். நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. மாலை நான்கு மணிக்குமேல் போனால், கோயிலைப் பார்த்த கையோடு சுற்றுத் தெருக்களில் சௌராட்டிர நெசவாளர்களின் பட்டுத் தறிகளையும் பார்த்துவிட்டுக் கடைசிப் பேருந்துக்கு முன்பே திரும்பிவிடலாம்.